சென்னையில் ஓர் அறை: மேல்சிகிச்சைக்குச் செல்வோரின் திருவல்லிக்கேணி நாட்கள்

மேல்சிகிச்சைக்காகச் சென்னைக்குச் செல்லுமாறு நாங்கள் எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டில் நோயின் பெயர் இருக்கும். இதுவரை செய்த பரிசோதனைகளின் விவரம் இருக்கும். எந்த மருத்துவமனையில் எந்தத் துறைக்குச் செல்ல வேண்டும் என்பதும் இருக்கும். அன்றிரவு எங்கே படுப்பீர்கள் என்பது மட்டும் இருக்காது. அதனை நாங்கள் கேட்பதும் இல்லை. பல ஆண்டுகளாக இப்படித்தான் எழுதித் தந்துகொண்டிருந்தோம்.

அந்தக் கேள்வியின் எடையை எங்களுக்கு உணர்த்தியவர் விக்கிரவாண்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த ஓர் அம்மையார். மார்பகப் புற்றுநோய்க்குச் சென்னையில் கீமோதெரபி பெற்று வந்தார். இரண்டாம் சுற்று மருந்து ஏறிய ஒன்பதாம் நாள், திருவல்லிக்கேணியில் ஒரு விடுதியின் மூன்றாம் மாடி அறையில், இரவு பத்து மணியளவில் அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கணவர் ஒரு பாராசிட்டமால் மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் இறங்கியது, மீண்டும் ஏறியது, மீண்டும் ஒரு மாத்திரை. விடிந்தபின் மனைவியைக் கைத்தாங்கலாகப் படியிறக்கி மருத்துவமனைக்குச் சேர்த்தபோது இரத்த அழுத்தம் வெகுவாகக் குறைந்திருந்தது. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் ஏறக்குறைய இல்லை என்னும் நிலை. பல நாள் போராட்டத்துக்குப் பிறகே அவர் மீண்டார்.

பின்னர் எங்களிடம் வந்தபோது கணவர் சொன்னார்: "ஓ.பி. காலைலதானே சார் தொறப்பாங்க. விடியட்டும்னு இருந்துட்டோம்."

அவர்மீது எந்தப் பிழையும் இல்லை. கீமோ பெற்றவருக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் அளவோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தால், நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்ல வேண்டும் என்பதை அவருடைய மனத்தில் பதியும்படி நாங்கள் சொல்லவில்லை. தங்கும் அறை எந்த மாடியில் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் குறைதான்.

ஏன் திருவல்லிக்கேணி?

விழுப்புரத்திலிருந்து எழும்பூருக்கு ரயிலில் ஏறத்தாழ 160 கிலோமீட்டர், திண்டிவனத்திலிருந்து 120. ஒருநாள் பரிசோதனைக்கு அதிகாலையில் புறப்பட்டு இரவு திரும்பிவிடலாம். ஆனால் கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரங்கள் நடப்பது. அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சில நாட்கள் காத்திருக்க நேரிடும். அத்தகையோர் நகரில் தங்கியே ஆக வேண்டும். புதுச்சேரியில் சிகிச்சை பெறுவோருக்கு இந்தச் சிக்கல் குறைவு. அவர்களுள் பலர் வீட்டுக்கே திரும்பிவிடுகின்றனர்.

சென்னையில் நம் மக்கள் நாடும் அரசு மருத்துவமனைகளின் நடுவில் இருப்பது போலவே அமைந்திருக்கிறது திருவல்லிக்கேணி. கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை அப்பகுதியிலேயே இருக்கிறது. 1885இல், ஆண் மருத்துவரிடம் வரத் தயங்கிய பெண்களுக்கென்று மேரி ஷார்லீப் என்னும் பெண் மருத்துவரின் முயற்சியால் தோன்றியது அது. 'கோஷா ஆஸ்பத்திரி' என்றால் ஆட்டோக்காரர்களுக்கு இன்றும் விளங்கும். 1664இல் கோட்டைக்குள் ஒரு சிறு வீட்டில் தொடங்கி, 1772 முதல் இன்றைய இடத்தில் இயங்கும் பெரிய ஆஸ்பத்திரியாகிய ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும், எழும்பூர் நிலையமும் சிறிது தொலைவில்தான்.

அண்ணா சாலைப் பக்கம் ஓமந்தூரார் தோட்டத்தில் இருக்கிறது அரசுப் பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனை. 2010இல் சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகமாகத் திறக்கப்பட்ட கட்டடம், 2014இல் மருத்துவமனையானது. அந்தத் தோட்டத்துக்குப் பெயர் தந்தவர் ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார். நாடு விடுதலை பெற்றபோது சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். பிறந்த ஊர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர். திண்டிவனத்திலிருந்து அங்கே செல்லும் முதியவர்கள் சிலர், "நம்ம ஊர்க்காரர் பேரு வச்ச ஆஸ்பத்திரி" என்று சொல்லிக்கொண்டு கொஞ்சம் தெம்பாகவே உள்ளே நுழைகிறார்கள். மருந்துச் சீட்டில் எழுத முடியாத ஊக்கம் அது.

பயணத்தைப் பற்றி ஒரு சொல். 2024 தொடக்கம் முதல் தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் கிளாம்பாக்கத்திலேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து நகருக்குள் மாநகரப் பேருந்தில் செல்ல ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடக்க இயலாதவருக்கு எழும்பூர் செல்லும் ரயிலே நல்லது. பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்வோர் தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் ஏறினால், பூங்கா நிலையத்தில் இறங்கி எதிரே நடந்துவிடலாம். புற்றுநோய், டயாலிசிஸ், இதய அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குச் செல்வோருக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்குரிய படிவத்தில் மருத்துவரின் சான்று வேண்டும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டா.

மேன்ஷனும் லாட்ஜும்

மேற்படிப்புக் காலத்தில் எங்களில் சிலர் திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கியிருக்கிறோம். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஆணியில் தொங்கும் சட்டை, வராந்தாவின் கடைசியில் பொதுக் குளியலறை. வேலை தேடி வந்தவர்களும் தேர்வுக்குப் படிப்பவர்களும் மாத வாடகைக்கு வாழும் இடங்கள் அவை. அந்த மேன்ஷன்களைப் பற்றி எங்களுக்கு இன்றும் அன்புதான். ஆனால் நோயாளிக்கு அவை ஏற்றவையல்ல. பெரும்பாலானவை ஆண்களுக்கு மட்டுமே, குடும்பத்தினரைச் சேர்ப்பதில்லை. பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து மூட்டை முடிச்சுகளோடு ஏறி, மீண்டும் இறங்கிய குடும்பங்கள் உண்டு. நாள் வாடகைக்குக் குடும்பத்துக்கு அறை தரும் லாட்ஜா என்பதைத் தெருவிலேயே கேட்டுவிடுங்கள்.

வாடகையைப் பேசுவதற்கு முன் மாடியைப் பேசுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் இல்லை. படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. இதயச் செயல் குறைந்தவர், மூச்சிரைப்புள்ளவர், இடுப்பிலோ முழங்காலிலோ அறுவை சிகிச்சை ஆனவர் ஆகியோருக்குத் தரைத்தளம் கிடைக்காவிட்டால் முதல் மாடி. அதற்கு மேல் வேண்டா. நூறு ரூபாய் குறைவு என்று மூன்றாம் மாடிக்குப் போனால், நோயாளி இறங்க அஞ்சி உணவையும் மருத்துவரையும் தள்ளிப்போடுவதைக் கண்டிருக்கிறோம். அறையோடு இணைந்த கழிப்பறையா, உட்காரும் வகையா, தரை வழுக்குமா என்பதை ஒருமுறை உள்ளே சென்று பார்த்த பின்பே முன்பணம் கொடுங்கள். அடையாள அட்டையைக் கட்டாயம் கேட்பார்கள். ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை ஆகியவற்றின் நகல்களைத் தனி உறையில் வைத்துக்கொண்டால், மருத்துவக் கோப்பை ஒவ்வோரிடத்திலும் பிரிக்க வேண்டியிராது. கோப்பின் எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது இன்னும் நன்று.

சில நாட்களில் அறையே கிடைக்காது. சேப்பாக்கம் மைதானத்தில் பெரிய கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் நாளில் விடுதிகள் நிரம்பிவிடும். வாலாஜா சாலையில் வண்டி நகராது. வைகுண்ட ஏகாதசியன்றும் பார்த்தசாரதி கோயில் தேரன்றும் மாட வீதிகளில் ஆட்டோ நுழைய முடியாது. சிகிச்சை நாள் இவற்றோடு மோதுகிறதா என்று முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.

அறையிலும் தெருவிலும்

சென்னை வெயிலில் மூடிய அறை அடுப்புபோல் காயும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் குளிர்பெட்டி இல்லையே என்று கலங்க வேண்டா. தண்ணீர் ஊற்றிய பெரிய மண்பானைக்குள் சிறு பானை ஒன்றை வைத்து, அதனுள் மருந்தை நீர் புகாத உறையிலிட்டு, நிழலில் வைத்தால் போதிய அளவு குளிர்ச்சி இருக்கும். பயன்பாட்டில் உள்ள இன்சுலினில் பெரும்பாலானவை 30 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத சூட்டில் நான்கு வாரம் வரை கெடுவதில்லை. உங்களுடைய மருந்துக்குரிய அளவை உறையில் உள்ள தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். கொசுவலை கொண்டு செல்லுங்கள். மழைக்காலத்தில் டெங்குக் கொசு பகலிலும் கடிக்கும். பகலில் படுத்திருக்கும் நோயாளிக்கு வலை பகலிலும் வேண்டும்.

உணவுக்கு அப்பகுதியில் பஞ்சமே இல்லை. சாம்பாரில் இட்லியை மிதக்கவிடும் ரத்னா கஃபேயின் பெயர் நம் ஊர் வரை எட்டியிருக்கிறது. உடன் வந்தவர் மனநிறைவாக உண்ணட்டும். நோயாளிக்கு மட்டும் எச்சரிக்கை தேவை. கீமோ பெறுவோருக்கு ஆவி பறக்கும் உணவே பாதுகாப்பு: அப்போது எடுத்த இட்லி, இடியாப்பம், சூடான சோறு. நெடுநேரம் வெளியே இருந்த சட்னி, வெட்டி வைத்த பழம், தெருவோரக் கரும்புச்சாறு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். சிறுநீரக நோயாளிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் ஊறுகாய், அப்பளம், கருவாடு கூடா. செலவைக் கட்டுப்படுத்த விரும்புவோருக்கு 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்கள் உதவும். அங்கே இட்லி ஒரு ரூபாய். குடிநீரைக் காய்ச்சி ஆறவைக்க இயலாவிட்டால், முத்திரை உடையாத குடுவையை வாங்குங்கள்.

ஒலி ஒரு தனிச் செய்தி. விடியலில் 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலின் பாங்கு. சற்றுப் பொறுத்துக் கோயில் மணி. பிறகு பால் வண்டி, பைகிராப்ட்ஸ் சாலையின் கூவல்கள். அச்சாலைக்கு இன்று பாரதி சாலை என்று பெயர். உறக்கம் குறைந்த நோயாளிக்குத் தெருப்பக்க அறையைவிடப் பின்புற அறை நல்லது. ஆனால் நான்கு சுவரைப் பார்த்துப் பார்த்து மனம் சோர்ந்தவர்கள், எங்களிடம் இதற்கு மாறாகவே சொல்லியிருக்கிறார்கள். ஊர் இரைச்சல் கேட்டதால்தான் தனிமை தெரியவில்லை என்றார் ஒரு முதியவர். அவரவர் இயல்பு.

உடல் இடந்தரும் மாலைகளில் வெளியே செல்லுங்கள். துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்து 1921இல் மறைந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. கடற்கரையில் இருக்கும் விவேகானந்தர் இல்லம், 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்டது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். பார்த்தசாரதி கோயிலின் உற்சவர் திருமுகத்தில் பாரதப் போரில் பட்ட அம்புத் தழும்புகள் உண்டு. அறுவை சிகிச்சைத் தழும்பை முந்தானையால் மறைத்தபடியே இருந்த ஒரு பெண், அந்த முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றதாக எங்களிடம் கூறியிருக்கிறார். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் மட்டும் நெரிசலுக்குள் செல்ல வேண்டா. கோபுரத்தை வெளியிலிருந்தே வணங்கலாம்.

உடனிருப்பவர்களிடம் ஒரு கேள்வி: உங்களுடைய மாத்திரைகளை எடுத்து வந்தீர்களா? தாயாரின் மருந்தை மணிக்கணக்கு தவறாமல் கொடுத்துவிட்டு, தம்முடைய இரத்த அழுத்த மாத்திரையைத் திண்டிவனத்திலேயே மறந்துவிட்டு வந்த மகள், மருத்துவமனை வராந்தாவில் மயங்கி விழுந்ததுண்டு. ஒரு மாத மருந்தைக் கூடுதலாக எழுதித் தரச் சொல்லி எங்களைக் கேளுங்கள். இருவராக வந்தால் இரவு முறைவைத்து உறங்குங்கள்.

இறுதியாக, அறைக்குள் நுழைந்தவுடன் செய்ய வேண்டியது ஒன்று. விடுதியின் பெயர், தெரு, கதவு எண், மாடி, அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். 108க்கு அழைக்கும் பதற்றத்தில் தெருவின் பெயர் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. தெர்மாமீட்டரைத் தலைமாட்டில் வையுங்கள். கீமோ பெறுவோருக்குக் காய்ச்சல் கண்டால் மாத்திரை போட்டுவிட்டு விடியலுக்குக் காத்திராமல், அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று "கீமோ நடக்கிறது" என்பதை முதல் சொல்லாகச் சொல்லுங்கள்.

எங்கள் பரிந்துரைச் சீட்டின் பின்புறத்தில் இப்போது ஒரு கட்டம் வரைந்திருக்கிறோம்: தங்குமிடம், மாடி, உடனிருப்பவர் பெயர், கைப்பேசி எண். புறப்படும் முன் அதனை நாங்களே கேட்டு எழுதுவோம். சென்று திரும்பியவர்கள், தாங்கள் தங்கிய விடுதியில் லிஃப்ட் உண்டா, வாடகை எவ்வளவு, குடும்பத்துக்கு அறை தருகிறார்களா என்பதைப் புறநோயாளர் பிரிவில் உள்ள ஏட்டில் குறித்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம். அடுத்த வாரம் செல்லவிருக்கும் குடும்பம் அதனைப் பார்த்துத்தான் அறை தேடும்.