கிட்டார் ‘ஸர்ர்’னு இரையுதா? பிக்கப் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே கேள்விதான். ஊத்துக்கோட்டையிலிருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல மெயின்டனன்ஸ் ஃபிட்டர். செகண்ட் ஹேண்ட்ல ஒரு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கியிருக்கார், ஸ்ட்ராட் மாடல், ஆரம்ப விலை ரகம். அவர் கேட்டது இதுதான்: “அண்ணா, எந்த ஸ்ட்ரிங்கைத் தொட்டாலும் ஸர்ர்னு இரையுது. பிக்கப் மட்டம், மாத்திடுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆறாயிரம் ரூபா சேர்த்து வெச்சிருக்கேன். மாத்தினா சரியாகிடுமா? இல்ல, எனக்குத்தான் விரல் வரலையா?”

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த எபிசோட். நிறைய பேர் கிட்டாரை ஆறே மாசத்துல கட்டிலுக்கு அடியில தள்ளிடறாங்க. காரணம் கேட்டா, “நமக்கு வரல ப்ரோ”ம்பாங்க. பல நேரம் குறை விரல்ல இருக்காது, கால் மில்லிமீட்டர்ல இருக்கும். அந்தத் தம்பி கிட்டாரை ஒரு ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுலயே உட்கார்ந்து ரெண்டு பேருமா பிரிச்சுப் பார்த்தோம். அந்த வரிசையிலேயே சொல்றேன்.

முதல்ல, இது எந்தச் சத்தம்?

ஸ்ட்ரிங் ஃப்ரெட்டுல உரசி வர்ற இரைச்சல் வேற. ஆம்ப்ல சும்மா இருக்கும்போதே வர்ற ‘ம்ம்ம்’ங்கிற ஹம் வேற. முதலாவது மெக்கானிக்கல், ரெண்டாவது எலக்ட்ரிக்கல். ரெண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

கண்டுபிடிக்கிறது சுலபம். கேபிளைக் கழட்டிடுங்க. ஆம்ப் இல்லாம வாசிங்க. இரைச்சல் அப்பவும் இருந்தா அது ஃப்ரெட் பஸ். அதுக்கும் பிக்கப்புக்கும் அநேகமா சம்பந்தமே இல்ல. பிக்கப்ங்கிறது ஸ்ட்ரிங் எப்படி ஆடுதோ அதைக் கேட்டுச் சொல்ற காது. ஸ்ட்ரிங்கே ஃப்ரெட்டுல முட்டிக்கிட்டு இருந்தா, நல்ல காது அதை இன்னும் தெளிவா சொல்லும், அவ்வளவுதான்.

தம்பி கிட்டார்ல ரெண்டு சத்தமும் இருந்துச்சு. முதல் நாலு ஃப்ரெட்டுல ஆறு ஸ்ட்ரிங்குமே கேபிள் இல்லாமலே இரைஞ்சது. ஆம்ப் போட்டா தனியா ஒரு ஹம்.

பஸ் எங்கே வருதுன்னு பாருங்க

பைக் டேப்பெட் சத்தம் கேட்டா மெக்கானிக் உடனே இன்ஜினை மாத்தச் சொல்ல மாட்டார். ஃபீலர் கேஜ் எடுத்து இடைவெளியை அளப்பார். இங்கேயும் அதேதான். அதே ஃபீலர் கேஜே போதும்.

ஓபன் ஸ்ட்ரிங் மட்டும் இரைஞ்சா, தலைப்பக்கம் இருக்கிற நட்டுல பள்ளம் ஆழமாயிடுச்சுன்னு அர்த்தம். முதல் நாலைஞ்சு ஃப்ரெட்டுல மட்டும் இரைஞ்சா கழுத்து ரொம்ப நேரா, இல்லன்னா பின்பக்கமா வளைஞ்சிருக்கலாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல இரைஞ்சா ஸ்ட்ரிங் உயரம் குறைவா இருக்கலாம். ஒரே ஒரு நோட்டுல மட்டும் இரைஞ்சா, அதுக்கு அடுத்த ஃப்ரெட் கொஞ்சம் தூக்கிக்கிட்டு நிக்குது. இதைப் பார்க்க உங்க ஏடிஎம் கார்டே போதும். கார்டோட விளிம்பை மூணு ஃப்ரெட் மேல படுக்க வைங்க. நடுவுல இருக்கிற ஃப்ரெட் உயரமா இருந்தா கார்டு ஊஞ்சல் மாதிரி ஆடும்.

எதையும் அளக்கிறதுக்கு முன்னாடி புது ஸ்ட்ரிங் போட்டு, சரியா ட்யூன் பண்ணிடுங்க. ஒன்பது – நாற்பத்திரண்டு கேஜ் செட் சாதாரண ட்யூனிங்ல கழுத்தை மொத்தமா ஏறக்குறைய 38 கிலோ விசையோட இழுக்குது. ட்யூன் இறங்கியிருந்தா அந்த இழுவை குறையும், கழுத்தோட வளைவும் மாறும். அப்போ எடுக்கிற அளவு எதுக்கும் ஆகாது.

கழுத்து ஏன் கொஞ்சம் வளைஞ்சிருக்கணும்?

ஆடுற ஸ்ட்ரிங் நடுவுலதான் அதிகமா அகலும், ரெண்டு முனையிலயும் கம்மி. அதுக்கு இடம் கொடுக்கக் கழுத்துல லேசா ஒரு குழிவு வேணும். இதுக்குப் பேர் ரிலீஃப்.

அளக்கிற விதம் இது: முதல் ஃப்ரெட்டுல தடிச்ச ஈ ஸ்ட்ரிங்கை அழுத்துங்க, அதே நேரம் கடைசி ஃப்ரெட்டுலயும் அழுத்துங்க. இப்போ ஸ்ட்ரிங்கே ஒரு ஸ்கேல். எட்டாவது ஃப்ரெட்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவுல ஃபீலர் கேஜை விடுங்க. 0.25 மி.மீ. பக்கம் இருந்தா நல்லது. தம்பி கிட்டார்ல இடைவெளியே இல்ல. 0.05 தகடுகூட நுழையல.

மரம் ஈரத்தை உறிஞ்சும், வெயில்ல விடும். வடகிழக்குப் பருவமழையில ஆரணி ஆத்துல தண்ணி ஓடுற ஐப்பசி கார்த்திகையும், அனல் அடிக்கிற மே மாசமும் ஒரே மரக்கழுத்துக்கு ரெண்டு வேற ஊர் மாதிரி. எந்தப் பக்கம் வளையும்ங்கிறது மரத்தைப் பொறுத்தது. அதனால யூகிக்காம அளக்கணும். வருஷத்துக்கு ரெண்டு முறை, மழைக்கு அப்புறமும் கோடையிலயும் பார்த்தா போதும்.

நம்ம ஊருக்கு இது புதுசு இல்ல. தஞ்சாவூர் வீணையில 24 மெட்டுகளும் மெழுகுக் கலவை மேலதான் உட்கார்ந்திருக்கு. காலப்போக்குல மெழுகு இளகி மெட்டு நகரும், சுருதி பிசகும். உடனே யாரும் வீணையை மாத்துறதில்ல. மெழுகை எடுத்துட்டு, காதால கேட்டுக் கேட்டு மெட்டை மறுபடி அமைப்பாங்க. இதுக்கு ‘மேளம் கட்டுறது’ன்னு பேர். இன்னொரு பக்கம், தம்புராவுல தந்திக்கும் குதிரைக்கும் நடுவுல நூல் வெச்சு வேணும்னே ரீங்காரத்தை வரவழைப்பாங்க. அதாவது இரைச்சல் எப்பவுமே பழுது இல்ல. நம்ம கையில இல்லாத இரைச்சல்தான் பழுது.

கிட்டார்ல கழுத்துக்குள்ள ட்ரஸ் ராடுன்னு ஒரு இரும்புக் கம்பி இருக்கு. ஆலன் கீயால வலப்பக்கம் திருப்பினா இறுகும், கழுத்து நேராகும். இடப்பக்கம் தளர்த்தினா ஸ்ட்ரிங் இழுவையில குழிவு கூடும். ஒரு தடவைக்குக் கால் சுத்துக்கு மேல வேண்டாம். திருப்பி, ட்யூன் பண்ணி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அளங்க. கீ நகர மாட்டேங்குதுன்னா பலம் போடாதீங்க. அங்கேயே நிறுத்திட்டு, தெரிஞ்சவங்ககிட்ட கொண்டு போங்க. ராடு உடைஞ்சா ரிப்பேர் செலவு கிட்டார் விலையையே தாண்டிடலாம்.

தம்பி கிட்டாருக்குக் கால் சுத்து தளர்த்தினோம். அரை மணி நேரம் கழிச்சு அளந்தா 0.2 மி.மீ. முதல் நாலு ஃப்ரெட் இரைச்சல் முக்கால்வாசி போயிடுச்சு.

அடுத்தது ஸ்ட்ரிங் உயரம்

பதினேழாவது ஃப்ரெட் மேல ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, ஃப்ரெட்டோட தலையிலிருந்து ஸ்ட்ரிங்கோட அடி வரைக்கும் பாருங்க. ஸ்ட்ராட் மாடலுக்கு 1.6 மி.மீ. நல்ல தொடக்கம். இவர்கிட்ட 1.2 இருந்துச்சு. பிரிட்ஜ்ல ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் ஒரு சேடில், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு குட்டி ஸ்க்ரூ. அதைத் திருப்பி உயர்த்தினோம். கையை அமுக்கி வாசிக்கிறவங்க இன்னும் கொஞ்சம் உயரமா வெச்சுக்கலாம்.

உயரம் மாறினா சுருதியும் லேசா மாறும். ட்யூனர் ஆப்ல பன்னிரண்டாவது ஃப்ரெட் ஹார்மானிக்கையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்கிற நோட்டையும் ஒப்பிடுங்க. அழுத்தின நோட் ஏறி இருந்தா, சேடிலைக் கழுத்தை விட்டுத் தள்ளி நகர்த்துங்க. இறங்கி இருந்தா கழுத்துப் பக்கம் கொண்டு வாங்க.

கடைசியில ஜி ஸ்ட்ரிங்ல ஒரே ஒரு இடத்துல மட்டும் லேசான உரசல் மிஞ்சிச்சு. ஆம்ப் வழியா கேட்டா அது தெரியவே இல்ல. அதை அப்படியே விட்டோம். ஃப்ரெட்டைத் தேய்க்கிறதுன்னா திரும்ப ஒட்ட முடியாது.

இப்போ பிக்கப்

காந்தத்தைச் சுத்தி முடி மாதிரி மெல்லிசான செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுத்து சுத்தியிருப்பாங்க. ஸ்டீல் ஸ்ட்ரிங் ஆடும்போது காந்தப்புலம் மாறும், கம்பியில மின்சாரம் உண்டாகும். ஃபாரடே 1831-ல கண்டுபிடிச்ச அதே விதி. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் எலக்ட்ரிக் மாண்டலின்ல கர்நாடக இசை வாசிச்சதும், ராணிப்பேட்டையில பிறந்த கிட்டார் பிரசன்னா எலக்ட்ரிக் கிட்டார்ல ராகம் வாசிக்கிறதும் நமக்குத் தெரியும். கமகம் எவ்வளவு நுணுக்கமா இருந்தாலும் அது முதல்ல ஸ்ட்ரிங்ல நடக்கணும். அப்புறம்தான் பிக்கப்.

காசு இல்லாத முதல் அப்கிரேடு, பிக்கப் உயரம். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கிட்டு, ஸ்ட்ரிங்குக்கும் பிக்கப் காந்தத்துக்கும் நடுவுல அளங்க. சிங்கிள் காயிலுக்குத் தடிச்ச பக்கம் 2 மி.மீ., மெல்லிசு பக்கம் 1.6 மி.மீ. தொடக்கம். ரொம்பக் கிட்ட இருந்தா காந்தம் ஸ்ட்ரிங்கை இழுக்கும். நோட் அலைபாயும், சுருதி சேராத மாதிரி கேட்கும். தம்பியோட நெக் பிக்கப் கிட்டத்தட்ட ஸ்ட்ரிங்கை முட்டிக்கிட்டு நின்னுச்சு. இறக்கினதும், “பிக்கப் மட்டம்”னு அவர் சொன்னதுல பாதி அங்கேயே தீர்ந்துச்சு.

அந்த ஹம்

சிங்கிள் காயில் ஒரு ஆன்டெனா மாதிரி. வீட்டு ஒயரிங், அடாப்டர், ட்யூப்லைட் எல்லாத்தோட சத்தத்தையும் பிடிக்கும். அமெரிக்க வீடியோக்கள்ல ‘60 சைக்கிள் ஹம்’ம்பாங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அவ்வளவுதான் வித்தியாசம். கிப்ஸன் கம்பெனியில சேத் லவர் 1955-ல பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிச்ச ஹம்பக்கர் இதுக்குத்தான். எதிரெதிரா சுத்தின ரெண்டு காயில், எதிரெதிர் காந்த முனை. ஹம் ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும், ஸ்ட்ரிங் சத்தம் மட்டும் கூடும். உங்க ஸ்ட்ராட்ல நடு பிக்கப் எதிர்ச் சுத்தா இருந்தா, ஸ்விட்ச்ல 2, 4 பொசிஷன்லயும் இதே வேலை நடக்கும். போட்டுக் கேளுங்க.

ஆனா வாங்குறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரைக் கன்டினியூட்டில வெச்சு, ஒரு முனையைப் பிரிட்ஜ்லயும் இன்னொண்ணை ஜாக்கோட வெளி உலோகத்துலயும் தொடுங்க. பீப் வரலைன்னா உள்ளே கிரவுண்டு ஒயர் அறுந்திருக்கு. இவருக்கு பீப் வந்துச்சு. சுவத்துப் பக்கம் பார்த்தா, ஆம்ப்போட மூணு பின் பிளக் ஒரு ரெண்டு பின் அடாப்டர்ல செருகியிருந்துச்சு. எர்த்தே இல்ல.

இதைக் கொஞ்சம் கவனமா கேளுங்க. கிட்டார் ஸ்ட்ரிங் கேபிள் வழியா ஆம்ப் பாடியோட சேர்ந்திருக்கு. உங்க கை ஸ்ட்ரிங் மேல இருக்கு. ஆம்ப்ல ஏதாவது கசிஞ்சா, எர்த் இல்லாத வீட்டுல அது தரைக்குப் போற வழி நீங்கதான். ஹம் குறையுதோ இல்லையோ, எர்த் உள்ள சாக்கெட் கட்டாயம். எலக்ட்ரீஷியனை வெச்சு எர்த்தைச் சோதிக்கச் சொல்லி, மூணு பின் சாக்கெட்டுக்கு மாத்தினார். ஹம் பாதிக்கு மேல குறைஞ்சது.

அப்போ பிக்கப் எப்போ மாத்தலாம்?

இதையெல்லாம் முடிச்சு ஒரு மாசம் வாசிச்ச பிறகும், “சத்தம் கூர்மையா குத்துது”, “கெயின் ஏத்தினா கீச்சுன்னு கத்துது”ன்னு உங்களால குறையைச் சொல்ல முடிஞ்சா மாத்துங்க. சிங்கிள் காயிலுக்கு 250 கே, ஹம்பக்கருக்கு 500 கே பாட் பொதுவான ஜோடி. பழைய பிக்கப்போட காந்த இடைவெளியையும், ஸ்க்ரூ துளை தூரத்தையும் அளந்துட்டு ஆர்டர் பண்ணுங்க. ஒயரைத் தொடறதுக்கு முன்னாடி நாலு போட்டோ எடுங்க. ரோசின் ஃப்ளக்ஸ் உள்ள 60/40 ஈயம் போதும். பாட் முதுகுல ஒட்டணும்னா 25 வாட் அயர்ன் திணறும், 40 வாட் அல்லது அதுக்கு மேல வேணும். சாமான் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரே நடையில கிடைக்கும். மூடுறதுக்கு முன்னாடி ஆம்ப் போட்டு, ஸ்க்ரூடிரைவரால ஒவ்வொரு பிக்கப்பையும் லேசா தட்டிப் பாருங்க. டொக்குனு கேட்டா வேலை செய்யுது.

தம்பி அன்னைக்குச் செலவழிச்சது ஒரு செட் ஸ்ட்ரிங், ஒரு சாக்கெட், எலக்ட்ரீஷியன் கூலி. ஆறாயிரத்துல பெரும்பகுதி அவர் கையிலயே இருக்கு. ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு வாய்ஸ் நோட் வந்துச்சு. அதுல கேள்வி எதுவும் இல்ல, ஒரு நிமிஷம் வாசிப்பு மட்டும். பேர் கார்டு இன்னும் தடுமாறுது, அது பயிற்சியில வரும். இரைச்சல் மட்டும் இல்ல.

உங்க கிட்டார்ல எந்த ஃப்ரெட், எந்த ஸ்ட்ரிங், கேபிளோடவா கேபிள் இல்லாமலா, இந்த மூணையும் சொல்லி வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பத்து வாட் ஆம்ப்ல வீட்டுல யாரையும் எழுப்பாம எப்படி நல்ல சத்தம் எடுக்கிறதுன்னு பார்ப்போம். அதுவரைக்கும், முதல்ல அளங்க, அப்புறம் வாங்குங்க.