கெய்ன்ஸ்பரோவின் கடிதங்கள்: ஓர் உருவப்படம் உருவான விதம்

ஒளிப்படக் கருவி தோன்றுவதற்கு முந்தைய நூற்றாண்டில், இங்கிலாந்தின் உயர்குடியினர் தம் முகத்தைப் பிற்காலத் தலைமுறைகளுக்கு விட்டுச் செல்ல ஓவியரையே நம்பியிருந்தனர். திருமணம், பதவி உயர்வு, வாரிசுப் பிறப்பு ஆகியவற்றை ஒட்டி உருவப்படம் தீட்டிவைப்பது குடும்பக் கடமையாகவே கருதப்பட்டதால், பெயர்பெற்ற உருவப்பட ஓவியரின் இல்லம் கலைக்கூடமாகவும் வணிக நிலையமாகவும் ஒருங்கே இயங்கியது. படத்துக்காக அமர்பவர், அதற்குப் பணம் தருபவர், அதைத் தீட்டுபவர் ஆகிய மூவரின் விருப்பங்களும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. அவை முரண்பட்டபோது கடிதங்கள் எழுதப்பட்டன. அந்தக் காலத்தின் முதன்மையான உருவப்பட ஓவியர்களுள் ஒருவரான தாமஸ் கெய்ன்ஸ்பரோ (1727–1788) எழுதியவற்றுள் ஏறத்தாழ 150 கடிதங்கள் இன்று கிடைக்கின்றன. நெருங்கிய நண்பர்களுக்கு அவர் எழுதியவற்றுள் சில, மொழி வரம்பு மீறியது எனக் கருதப்பட்டுப் பின்னாளில் அழிக்கப்பட்டன. எஞ்சியவற்றை மேரி வூடால் 1961ஆம் ஆண்டிலும், மேலும் விரிவாக ஜான் ஹேய்ஸ் 2001ஆம் ஆண்டிலும் தொகுத்து வெளியிட்டனர். காலத் தாழ்ச்சிக்காகப் பலமுறை மன்னிப்புக் கோரிய இந்த ஓவியர், ஒரு படம் எவ்வாறு பார்க்கப்பட வேண்டும் என்ற கேள்வியில் மட்டும் பிரபுவுக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, கலைஞர்களின் அமைப்பான ராயல் அகாடமிக்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது இக்கடிதங்களை வரிசையாகப் படிக்கும்போது தெளிவாகிறது.

சட்பரியிலிருந்து பாத் நகருக்கு

சஃபோக் மாவட்டத்தின் சட்பரி என்ற சிற்றூரில், நொடித்துப்போன துணி வணிகர் ஒருவரின் ஒன்பது பிள்ளைகளுள் கடைசியாகப் பிறந்த கெய்ன்ஸ்பரோ, இளம் வயதில் லண்டனில் பயின்று, 1746இல் மார்கரெட் பர் என்பவரை மணந்து, பின்னர்ச் சட்பரியிலும் இப்ஸ்விச் துறைமுக நகரிலும் தொழில் நடத்தினார். அங்கு அவரை நாடிவந்தவர்கள் பெரும்பாலும் வழக்கறிஞர்கள், வணிகர்கள், பாதிரியார்கள், சிறு நிலக்கிழார்கள் ஆகியோரே. 1759இல் அவர் வெந்நீர் ஊற்றுகளுக்குப் புகழ்பெற்ற பாத் நகருக்குக் குடிபெயர்ந்தது அவருடைய வாழ்க்கையின் திருப்பமாக அமைந்தது. உடல்நலத்துக்காக ஊற்றுநீர் பருகவும் நீராடவும் ஆண்டுதோறும் பருவக் காலத்தில் அங்கு வந்து தங்கிய செல்வர்களுக்கு ஓய்வு நேரம் நிறைய இருந்தது. அந்த நேரத்தில் ஓவியர் முன் அமர்வதும், பிறருடைய படங்களை அவர் வீட்டுக் காட்சியறையில் பார்த்துப் பேசுவதும் அவர்களுக்கு விருப்பமான பொழுதுபோக்காயின.

இந்தத் தொழிலின் கணக்கு எளிதில் விளங்கக்கூடியது. தலையும் தோளும் மட்டும் கொண்ட படம், இடுப்பளவிலான அரையுருவப் படம், நின்ற நிலையிலான முழுவுருவப் படம் என அளவுக்கேற்ப விலை நிர்ணயிக்கப்பட்டது. விலை ‘கினி’ என்ற பொன் நாணயக் கணக்கில் சொல்லப்பட்டது. ஒரு கினி என்பது 21 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டைவிட ஒரு ஷில்லிங் அதிகம். பாத் நகருக்கு வந்த புதிதில் ஒரு தலைப்படத்துக்குச் சில கினிகளே பெற்ற கெய்ன்ஸ்பரோ, அந்நகர வாழ்க்கையின் பிற்பகுதியில் முழுவுருவப் படத்துக்கு 100 கினி பெறும் நிலையை எட்டினார். ஆடைகளைத் தீட்டுவதற்கென்றே தனி ஓவியர்களை அமர்த்திக்கொள்வது அக்கால வழக்கமாக இருந்தும், அவர் பட்டின் மடிப்பையும் சரிகையின் மினுக்கத்தையும் தம் கையாலேயே தீட்டினார். தேவை பெருகப் பெருக அவருடைய படங்கள் தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாமதத்துக்கான மன்னிப்பு

அந்தத் தாமதத்தின் வரலாறு, லண்டனில் அவருடைய பண விவகாரங்களைக் கவனித்துவந்த வழக்கறிஞர் ஜேம்ஸ் அன்வினுக்கு 1760களில் எழுதிய கடிதங்களில் பதிவாகியுள்ளது. அன்வினின் மனைவியைப் படமாகத் தீட்ட ஒப்புக்கொண்ட கெய்ன்ஸ்பரோ அதை ஆண்டுக்கணக்கில் முடிக்காமல் வைத்திருந்தார். கடிதத்துக்குக் கடிதம் புதிய காரணமும் புதிய உறுதிமொழியும் இடம்பெற்றன. நோயும் அவரைத் தடுத்தது. 1763இல் அவர் கடுமையாக நோயுற்றபோது பாத் நகரச் செய்தித்தாள் ஒன்று அவர் இறந்துவிட்டதாகவே அச்சிட்டது. இக்கடிதங்களில் கண்டிப்பான வணிகரைக் காண முடியாது. வாக்கைக் காப்பாற்ற முடியாமல் வருந்தும் நண்பரையும், தம் பெண்மக்களின் எதிர்காலத்தையும் குடும்பச் செலவையும் எண்ணிக் கவலைப்படும் தந்தையையுமே காண முடிகிறது.

நண்பர்களிடம் அவர் மறைக்காமல் சொன்ன மற்றொரு செய்தி, உருவப்படத் தொழில்மீது அவருக்கிருந்த சலிப்பு. எக்ஸெட்டர் நகரத்து இசையமைப்பாளர் வில்லியம் ஜாக்சனுக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், முகங்களைத் தீட்டித் தீட்டிக் களைத்துவிட்டதாகவும், தம் ‘வயோலா ட காம்பா’வை எடுத்துக்கொண்டு ஏதேனும் இனிய கிராமத்துக்குச் சென்று நிலக்காட்சிகளைத் தீட்டியபடி அமைதியாக வாழ விரும்புவதாகவும் அவர் தெரிவிக்கிறார். வயோலா ட காம்பா என்பது கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் இசைக்கும் நரம்புக் கருவி. செல்வர்களைச் சற்று எட்டவே நிறுத்த வேண்டும், இல்லாவிடில் உண்மைக் கலைஞனுக்கு அவர்களைப் போன்ற பகைவர் இல்லை என்று அதே ஜாக்சனை அவர் எச்சரிக்கவும் செய்கிறார். அவர் உள்ளம் நாடிய நிலக்காட்சி ஓவியங்களை வாங்குவோர் குறைவு; குடும்பத்தைக் காத்தது முகங்களே என்ற உண்மை இக்கடிதங்களின் துயரத்துக்கு அடிப்படையாக உள்ளது.

தூரிகையின் தடங்களும் பார்வையின் தொலைவும்

கலையைப் பற்றிய கேள்வி எழுந்த இடங்களில் கடிதங்களின் தொனி மாறுகிறது. 1758இல், அவர் இன்னும் மாவட்ட அளவிலேயே அறியப்பட்டிருந்த காலத்தில், கோல்செஸ்டர் வழக்கறிஞர் வில்லியம் மேஹியூவுக்கு எழுதிய கடிதம் இதற்கு முதற்சான்று. தீட்டிய படம் நிறைவளித்தாலும் அதன் மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பது குறை என்று மேஹியூ தரப்பில் கருதப்பட்டது. கெய்ன்ஸ்பரோ தந்த விடை சுருக்கமானது: அந்தச் சொரசொரப்பு, உரிய தொலைவிலிருந்து பார்க்கும்போது படத்துக்கு வலிமை சேர்க்கும்பொருட்டே இடப்பட்டது, மேலும், ஓவியம் அறிந்தவர் மூலப்படத்தையும் நகலையும் பிரித்தறிவதற்கு அதுவே அடையாளமாகிறது. மென்மையாக மெழுகப்பட்ட மேற்பரப்பையே நல்ல வேலைப்பாடு எனப் பலர் கருதிய காலத்தில், தூரிகையின் தடம் தெரிவதை ஒரு மாவட்ட ஓவியர் தம் வாடிக்கையாளரிடமே நியாயப்படுத்தியது துணிவான செயலாகும்.

இந்த நிலைப்பாடு அவர் தீட்டிய முறையோடு பிணைந்தது. அமர்ந்தவரும் கித்தானும் தமக்குச் சம தொலைவில் இருக்குமாறு அமைத்து, அறையில் வெளிச்சத்தைக் குறைத்து, இரண்டையும் ஒரே பார்வையில் ஒப்பிட்டபடி அவர் வேலை செய்ததை உடனிருந்து கண்டவர்கள் பதிவு செய்துள்ளனர். அருகில் நின்றால் ஒழுங்கற்ற கீறல்களாகத் தெரியும் கோடுகள், சில அடி விலகியதும் கூந்தலாகவும் மெல்லிய துகிலாகவும் ஒன்றிணையும் தன்மை இம்முறையிலிருந்தே பிறந்தது. ஆகவே, பார்ப்பவர் நிற்கும் தொலைவும் படத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

ஆடையும் முகச்சாயலும்

1771 ஏப்ரலில் டார்ட்மத் பிரபுவுக்கு எழுதிய கடிதங்கள் இவற்றுள் மிக ஆழமானவை. கெய்ன்ஸ்பரோ தீட்டிய டார்ட்மத் சீமாட்டியின் படத்தில் முகச்சாயல் போதவில்லை என்று குறை எழுந்தது. அன்றாட உடைக்கு மாறாக, ஓவியரின் கற்பனையில் தோன்றிய ஆடையில் சீமாட்டி காட்சியளித்ததே அதற்குக் காரணம் என ஓவியர் வாதிட்டார். அவருடைய வாதம் நாடக மேடையைத் துணைக்கு அழைக்கிறது: நடிகர் எந்த வேடம் புனைந்தாலும் குரலும் அசைவும் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும், ஆனால், படத்திலுள்ள முகத்துக்கோ ஒரே கோணம்தான் உண்டு, தன்னை அறிவித்துக்கொள்ள அதில் ஒரு தசையும் அசையாது. அத்தகைய முகத்தைப் பழக்கமற்ற உடைக்குள் வைத்துவிட்டுச் சாயலை எதிர்பார்ப்பது ஓவியருக்குச் செய்யும் அநீதி என்பது அவர் முடிவு. நடப்புக்கால உடை விரைவில் வழக்கொழிந்து பார்ப்பதற்குப் பொருத்தமற்றுப் போகும் என்ற எதிர்வாதத்தை அவர் மறுக்கவில்லை. எனினும், சாயலே உருவப்படத்தின் முதன்மையான அழகும் நோக்கமும் ஆதலால், அந்த இழப்பை ஏற்கத்தான் வேண்டும் என்றார்.

இந்த விவாதத்துக்குப் பின்னால் அக்காலத்தின் பெரிய கருத்து மோதல் ஒன்று இருந்தது. 1768இல் நிறுவப்பட்ட ராயல் அகாடமியின் முதல் தலைவர் ஜோஷுவா ரெனால்ட்ஸ், உருவப்படத்துக்குக் காலம் கடந்த கண்ணியத்தை அளிக்கும்பொருட்டு, பழங்கால ரோமானிய, கிரேக்கச் சாயலுடைய பொதுப்படையான ஆடைகளைப் பரிந்துரைத்தார். கெய்ன்ஸ்பரோவும் அந்த அகாடமியின் நிறுவன உறுப்பினரே. ஆனால், ரெனால்ட்ஸைப் போல மேடையில் உரையாற்றவோ நூல் எழுதவோ அவர் முற்படவில்லை. ஆகவே, வாடிக்கையாளருக்கு எழுதிய கடிதங்களிலிருந்தே அவருடைய கலைக் கொள்கையைத் திரட்ட வேண்டியுள்ளது.

ஐந்தரை அடி உயரம்

1774இல் லண்டனின் பால் மால் தெருவிலுள்ள ஷோம்பெர்க் இல்லத்துக்குக் குடிபெயர்ந்த பின், அரச குடும்பமே அவருடைய புரவலராயிற்று. அகாடமியின் ஆண்டுக் கண்காட்சியில் சுவர் முழுவதும் படங்கள் நெருக்கமாகத் தொங்கவிடப்பட்டன. வாயிற்கதவின் மேல்விளிம்பை ஒட்டி ஓடிய ஒரு மரச்சட்டம் ‘கோடு’ எனப்பட்டது. முழுவுருவப் படங்கள் அக்கோட்டுக்கு மேலே வைக்கப்படுவது விதி. 1783இல், அரச குடும்பத்தினரின் 15 சிறிய உருவப்படங்களை அனுப்பிய கெய்ன்ஸ்பரோ, அவற்றை அக்கோட்டுக்கு மேல் மாட்டினால் உயிருள்ளவரை வேறெந்தப் படமும் அனுப்பப்போவதில்லை என்று எழுதினார், அகாடமி இணங்கியது. மறு ஆண்டு, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மூத்த இளவரசியர் மூவரும் இணைந்த முழுவுருவப் படத்தை அனுப்பியபோது, அது மென்மையான ஒளியில் தீட்டப்பட்டிருப்பதால் ஐந்தரை அடிக்கு மேல் மாட்டினால் சாயலும் வேலைப்பாடும் தெரியாமல் போகும் என்று விளக்கி, விதிவிலக்குக் கோரினார். அகாடமி மறுத்தது, அவர் தம் படங்கள் அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன்பின் அவர் அங்குக் காட்சிக்கு வைக்கவே இல்லை; தம் இல்லத்திலேயே கண்காட்சி நடத்தினார். அவர் கவலைக்குக் காரணம் இருந்தது என்பதைக் காலம் வேறுவிதத்தில் காட்டியது: 19ஆம் நூற்றாண்டில் அந்த இளவரசியர் படம், ஒரு கதவின் மேற்பகுதிக்குப் பொருந்துமாறு வெட்டிக் குறைக்கப்பட்டது. முழுவுருவமாக நின்ற மூவரும் இன்று முழுமையாக இல்லை.

இறுதிக் கடிதம்

1788 கோடையில், புற்றுநோயால் படுக்கையில் கிடந்த கெய்ன்ஸ்பரோ, நெடுங்காலம் விலகியிருந்த ரெனால்ட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒருமுறை தம் வீட்டுக்கு வந்து தம் படங்களைப் பார்க்க வேண்டும் என்றும், குறிப்பாகத் தம் ‘விறகுவெட்டி’ ஓவியத்தை அவர் இன்னும் கண்டதில்லை என்றும் அதில் வேண்டினார். ரெனால்ட்ஸ் வந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் கெய்ன்ஸ்பரோ இறந்தார். டிசம்பரில் அகாடமி மாணவர்கள் முன் ஆற்றிய உரையை ரெனால்ட்ஸ் முற்றிலும் அவருக்கே உரித்தாக்கினார்; அருகில் பார்த்தால் விந்தையான கீறல்களாகவும் தடங்களாகவும் தெரிபவை, உரிய தொலைவில் தத்தம் இடத்தில் அமர்ந்து வடிவம் பெறுவதை அவ்வுரையில் வியந்து விளக்கினார். முப்பது ஆண்டுகளுக்கு முன் கோல்செஸ்டர் வழக்கறிஞருக்குக் கெய்ன்ஸ்பரோ கூறிய விடையும் இதுவே.

புரவலரின் பணத்தால் பிறந்த கலை புரவலரின் ஆணைக்குக் கட்டுப்பட்டதாகவே இருக்கும் என்ற எளிய கணிப்பை இக்கடிதங்கள் ஏற்க விடுவதில்லை. அரங்குகளிலும் அரண்மனைகளிலும் இன்று நாம் காணும் அந்த முகங்கள், கேட்டதைக் கொடுத்த வேலைக்காரரின் கையிலிருந்து வந்தவை அல்ல. பார்க்கும் முறையைத் தம் வாடிக்கையாளருக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்த ஆசிரியரின் கையிலிருந்து வந்தவை. அவருடைய படத்தின் முன் நிற்பவர், முதலில் நெருங்கித் தூரிகைத் தடங்களைக் கண்டு, பின்னர் விலகி முகம் திரள்வதைக் காண்பாராயின், மேஹியூவுக்கு எழுதப்பட்ட அக்கடிதம் தமக்கும் எழுதப்பட்டதே என்பதை உணர்வார்.