கிணறு கறுத்த ஊர்

அந்துருண்டை ஒன்றை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் பார்த்தாலும் அப்படியேதான் கிடக்கும். நாஃப்தலீனுக்கும் தண்ணீருக்கும் ஆகாது. அதே நாஃப்தலீனைக் கந்தக அமிலம், நைட்ரிக் அமிலம், இரும்புத்தூள் என்று பல கட்டங்களில் மாற்றி எடுப்பதுதான் ஹெச்-ஆசிட் என்னும் சாய மூலப்பொருள். அதன் மூலக்கூறில் ஏறிக்கொள்ளும் இரண்டு சல்போனிக் தொகுதிகளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். சாயம் நீரில் கரைவதற்கு உதவும் குணம் அது. கழிவோடு மண்ணில் விழுந்தாலும் அந்தக் குணம் மாறுவதில்லை. மழைநீரைப் பிடித்துக்கொண்டு கிணறுவரை இறங்கிவிடும்.

ராஜஸ்தானில் உதய்பூர் பக்கம் பிச்ரி என்றொரு கிராமம். அங்கே 1988-இல் ஓர் ஆலை ஹெச்-ஆசிட் தயாரிக்கத் தொடங்கியது. கிடைத்த சரக்கு சுமார் 375 டன். மிஞ்சிய இரும்பு, ஜிப்சம் சகதியோ ஏறத்தாழ 2,440 டன். அதைத் திறந்த வெளியில் கொட்டினார்கள். கிணற்று நீர் கறுத்தது. மாடும் குடிக்க முடியவில்லை, வயலுக்கும் பாய்ச்ச முடியவில்லை. மக்கள் கொதித்தெழ, 144 தடை உத்தரவு போடப்பட்டது. 1989 ஜனவரியில் ஆலை மூடப்பட்டது. ஓராண்டு உற்பத்திதான்!

ஆலையை மூடினால் கணக்கு முடிந்துவிடுமா? 1996 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜீவன் ரெட்டி அமர்வு முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழில் நடத்துபவர் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்று சொன்னாலும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்தால் மட்டும் போதாது, கெட்ட மண்ணையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் கெடுத்தவர் தலையில்தான். நம் நாட்டுச் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் வாசகங்களில் இதுவும் ஒன்று. ஏனென்றால் வழக்குப் போட நிலத்துக்கு வாய் கிடையாது.

சீரமைப்புக்கு ரூ.37.385 கோடி என்று கணக்கிடப்பட்டது. பணம் வரவில்லை, மனுமேல் மனுவாக வந்தது. மண்ணுக்குள் நச்சு வாய்தா கேட்டு நிற்காதே! 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 1997 நவம்பரிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீதக் கூட்டுவட்டியோடு கட்டச் சொன்னது. போட்டுப் பார்த்தேன்: அந்த நாளிலேயே அசல் நாலரை மடங்கைத் தாண்டியிருந்தது.