கடலிற் பிறந்தோரும் பெயர் மீட்பும்

பிறப்புப் பதிவு பரவாத காலத்தில் கப்பலிற் பிறந்த முன்னோரின் மூலத்தைக் கண்டறிதல் வரலாற்றுப் பணி மட்டுமன்று, மொழியியற் பணியுமாகும். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ கப்பல் நவம்பர் 16இல் தர்பன் துறையை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளராக நேத்தால் சென்றோர் ஏறத்தாழ 1,52,000 பேர். கப்பற்பட்டியல்களில் குடியேற்ற எண், பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், ஊர் ஆகியன குறிக்கப்பெற்றன. கடலிற் பிறந்த குழவிக்குப் பிறந்த ஊர் இன்மையின் தாயின் பதிவே ஆய்வின் தொடக்கமாதல் வேண்டும்.

எழுத்தர் செவிவழி ஆங்கிலத்தில் எழுதியமையால் லகர ளகர வேறுபாடும் குறில் நெடில் வேறுபாடும் மறைந்தன. ‘மூன்சாமி’ என்பது முனிசாமி, முனுசாமி என்னும் இரண்டையும் குறிக்கக்கூடும். கவுண்டர் அங்குக் ‘கோவெண்டர்’ ஆயிற்று. முதலி ‘மூட்லி’ ஆயிற்று. தந்தையின் இயற்பெயரே பின்னர்க் குடும்பப்பெயராக நிலைத்தலும் உண்டு; அதனைச் சாதிப்பெயரெனக் கொள்ளுதல் பிழையாகும்.

ஆகவே மொழிபெயர்ப்பாளர் பதிவின் வடிவத்தை அவ்வாறே காட்டி, கருதத்தகும் தமிழ் வடிவங்களை அருகில் தருதல் நன்று. ஓரெழுத்தைப் பிழைபட மீட்பின், பெயரர் வேறொரு குடும்பத்தின் ஊரைத் தம் ஊரெனக் கொள்வர். எண்ணும் கப்பற்பெயரும் ஒத்தவிடத்தன்றிப் பெயரொப்புமை சான்றாகாது.