பழைய மில்லிங் மெஷினுக்குப் புது மூளை



அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் இன்பிளாண்ட் ட்ரெய்னிங் போனவர்களுக்குத் தெரியும். பட்டறை மூலையில் ஒரு பழைய மில்லிங் மெஷின் நிற்கும். அதில் கை வலிக்க வீல் சுற்றும் அண்ணன், "இதை சி.என்.சி. ஆக்க முடியுமா தம்பி?" என்று கேட்பார். எங்கள் பைனல் இயர் பிராஜெக்ட் அப்படித்தான் ஆரம்பித்தது.

முடியும். 1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செய்துகாட்டிய முதல் என்.சி. மில்லிங் மெஷினே, ஒரு சின்சினாட்டி ஹைட்ரோடெல் மெஷினை மாற்றியமைத்ததுதான்!

நாங்கள் செய்த தப்பு, எடுத்தவுடன் ரிச்சி ஸ்ட்ரீட் போய் போர்டு வாங்கியது. சரியான வரிசை இதுதான்:

முதலில் ஸ்க்ரூ. டேபிளில் டயல் கேஜ் வைத்து ப்ளே எவ்வளவு என்று பாருங்கள். பழைய ஸ்க்ரூவில் 0.2 மி.மீ. ப்ளே இருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த எலக்ட்ரானிக்ஸும் அதை ஒழிக்காது. சாப்ட்வேரில் ஈடு கட்டலாம். ஆனால் கட்டர் டேபிளை இழுத்தால் அந்தக் கணக்கு செல்லாது. பால் ஸ்க்ரூவுக்குத்தான் முதல் பணம்.

இரண்டாவது மோட்டார். லேபிளில் போட்டிருக்கும் டார்க், ஸ்டெப்பர் நிற்கும்போது உள்ளது. வேகம் ஏற ஏற அது குறையும். சாதா ஸ்டெப்பருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. என்கோடர் வைத்த ஸ்டெப்பருக்கோ செர்வோவுக்கோ தெரியும், விலையும் கூட.

மூன்றாவது பவர் சப்ளை. மோட்டாரின் இண்டக்டன்ஸை மில்லிஹென்றியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்கினால் அதிகபட்ச வோல்டேஜ் தோராயமாகக் கிடைக்கும். 2.25 என்றால் 48 வோல்ட். டிரைவர் தாங்கும் அளவுக்குச் சற்றுக் கீழேயே நிறுத்துங்கள். வேகம் குறையும்போது மோட்டார் வோல்டேஜைத் திருப்பி அனுப்பும்.

கடைசியில்தான் கண்ட்ரோலர். 200 ஸ்டெப் மோட்டார், 8 மைக்ரோஸ்டெப், 5 மி.மீ. லீட் ஸ்க்ரூ. ஒரு மி.மீ.க்கு 320 பல்ஸ். நிமிடத்துக்கு 1500 மி.மீ. ஓட வினாடிக்கு 8000 பல்ஸ் போதும். இதற்கு ஆர்டுயினோவில் ஓடும் கிர்பிளே தாராளம். பழைய கம்ப்யூட்டரில் பேரலல் போர்ட் இருந்தால் இலவச லினக்ஸ் சி.என்.சி. போடலாம். யு.எஸ்.பி. பிரிண்டர் கேபிளை வைத்து அந்த போர்ட்டுக்கு ஈடு செய்யலாம் என்று மட்டும் நம்பாதீர்கள், வேலை செய்யாது.

எங்கள் கதைக்கு வருவோம். கையில் இருந்த 24 வோல்ட் சப்ளையைப் போட்டோம். மெதுவாக ஓட்டினால் சமர்த்து. ரேபிட் கொடுத்தால் முக்கல், முனகல். ஸ்க்ரீன் 100 மி.மீ. காட்டியது, டேபிள் 97-ல் நின்றது. அடுத்த வெட்டில் அண்ணனின் புது எண்ட் மில் டப்பென்று ஒடிந்தது. அவர் திட்டவில்லை. "கம்ப்யூட்டருக்கே கணக்கு தெரியலையா தம்பி?" என்றார்.

36 வோல்ட் போட்டு, ஆக்ஸிலரேஷனையும் குறைத்த பிறகு ஸ்டெப் விடுவது நின்றது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எமர்ஜென்சி ஸ்டாப் கம்ப்யூட்டருக்குத் தகவல் சொன்னால் போதாது. கான்டாக்டர் வழியாக மோட்டார், ஸ்பிண்டில் இரண்டின் கரண்டையும் நேராக வெட்ட வேண்டும். கரண்ட் போய்த் திரும்ப வந்தாலும் மெஷின் தானாக ஓடக் கூடாது. அங்கே நிற்பது அண்ணனின் கை.

கணக்கு தெரியாதது கம்ப்யூட்டருக்கு இல்லை, எங்களுக்குத்தான். ஜூனியர்களே, நீங்கள் பர்ஸைத் திறக்கும் முன் கால்குலேட்டரைத் திறங்கள்!