எண்ணத் தவறிய ஆள்



பரமார்த்த குருவின் கதையைக் கேட்டுச் சிரிக்காத தமிழ்க் குழந்தை இல்லை எனலாம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் சீடர் ஐவரோடு குரு ஆற்றைக் கடக்கிறார். கரையேறியதும் சீடன் ஒருவன் ஆட்களை எண்ணுகிறான். தன்னை விட்டுவிட்டு மற்றவரை எண்ணுவதால் ஐவரே தேறுகின்றனர். ஆறு ஒருவரை விழுங்கிவிட்டதென்று எல்லாரும் கதறுகின்றனர். அவ்வழியே வந்த ஒருவன் தடியால் ஆளுக்கு ஓர் அடி கொடுத்து, அடிபட்டவர் தம்மைத் தாமே எண்ணும்படி செய்கிறான். அதன் பின்னரே ஒருவரும் குறையவில்லை என்பது அவர்களுக்குத் தெரிகிறது.

இக்கதையை எழுதியவர் வீரமாமுனிவர். நம் திட்டக்குடிக்கு அதிகத் தொலைவில் இல்லாத கோனான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோவில் எழுப்பியவரும் அவரே. 1711-இல் தமிழகப் பணிக்கு வந்து, 1747-இல் மறைந்த அவருடைய இந்நூலை, பெஞ்சமின் பாபிங்டன் என்பவர் 1822-இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சிட்டார். தமிழ் உரைநடையில் எழுந்த முதற் கதை நூல்களுள் ஒன்று, ஒரே மாலையில் படித்து முடிக்கத்தக்க சிறு நூலாக அமைந்தது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

இக்கதையை இங்கு நினைவுகூரக் காரணம் உண்டு. கதை படிக்கும் நாமும் அச்சீடனைப் போலவே எண்ணுகிறோம். இவன் கஞ்சன், அவள் பொறுமைசாலி, இன்னவன் வஞ்சகன் என்று எல்லாரையும் எண்ணிவிடுகிறோம். எண்ணாமல் விடுவது ஒருவரைத்தான். தனியே படிக்கும்போது இப்பிழை எளிதில் புலப்படுவதில்லை. நால்வரோடு அமர்ந்து பேசும்போதோ, அவ்வழிப்போக்கனின் தடி யார் கையிலிருந்தேனும் நம் முதுகில் விழுந்துவிடுகிறது.

ஏன் குறுநாவல்?

சிறுகதை ஒரு கணத்தைக் காட்டி முடிந்துவிடும். பெருநாவலோ மாதக்கணக்கில் நம்மைக் கட்டிவைக்கும். வயல் வேலையும் பட்டறை வேலையும் பிள்ளைகளின் படிப்பும் உள்ள குடும்பங்கள் அறுநூறு பக்கத்தைப் படித்து வந்து கூடுவது அரிது. குறுநாவல் நூறு, நூற்றைம்பது பக்கங்களில் ஒரு முழு வாழ்க்கையை நம்முன் வைத்துவிடும். இரண்டு மூன்று இரவுகளில் முடித்துவிடலாம். அனைவரும் முழுமையாகப் படித்திருப்பதால் பேச்சும் முழுமையாக அமையும். முதற் பக்கத்தில் வந்த சொல் கடைசிப் பக்கத்தில் என்ன பொருள் கொள்கிறது என்பதை எல்லாரும் நினைவில் வைத்திருப்பர்.

தமிழில் இவ்வகை நூல்களுக்குக் குறைவில்லை. ‘ராணி முத்து’, ‘மாலைமதி’ போன்ற மாத நாவல்கள் வீடு வீடாகக் கைமாறிச் சென்ற காலத்தை நம்மிற் பலர் அறிவோம். கணையாழி இதழ் தி. ஜானகிராமன் நினைவாகக் குறுநாவல் போட்டி நடத்தி, புதிய எழுத்தாளர் பலரை அறிமுகப்படுத்தியது. அசோகமித்திரன், ஜெயகாந்தன், வண்ணநிலவன் முதலியோரின் மிகச் சிறந்த படைப்புகள் சில, அளவிற் சிறியவையே.

கூடிப் படிப்பதும் நமக்குப் புதிதன்று. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் திருநெல்வேலி இல்லத்து வட்டமான முற்றத்தில் 1920-களில் தொடங்கிய ‘வட்டத்தொட்டி’க் கூட்டத்தைத் தமிழுலகம் நன்கறியும். அங்கே பெரிதும் பேசப்பட்டது கம்பனின் கவிதை. எனினும் வழக்கறிஞரும் அரசு அலுவலரும் ஆசிரியரும் ஒரே வட்டத்தில் அமர்ந்து, ஒரே பாடலைத் திரும்பத் திரும்பச் சுவைத்த அம்முறை எந்நூலுக்கும் பொருந்தும்.

திட்டக்குடியில் நாம் கண்டது

பங்கு இல்லத்துத் திண்ணையில் மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை பன்னிருவர் கூடத் தொடங்கினோம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் சூளை பார்க்கும் இளைஞர் ஒருவர், தையற்காரப் பெண்மணி, கல்லூரி மாணவியர் இருவர், மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் குடும்பத்தார் சிலர். எழுத்தறியாத மூதாட்டி ஒருவரும் வந்தார். பேத்தி இரவில் படித்துக் காட்ட, அவர் கேட்டு வருவார். நம்முள் கதையை மிகத் துல்லியமாக நினைவில் வைத்திருந்தவர் அவரே.

முதலில் எடுத்துக்கொண்டது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. 1973-இல் நூலாக வந்தது. குழாய்கள் வறண்ட சென்னைத் தெருவொன்றில் குடத்தோடு அலையும் ஜமுனாவின் கதை. ஆசிரியர் அதன் நடையைப் பாராட்டினார். மாணவியர் ஜமுனாவின் துயரத்தைப் பேசினர். மூதாட்டியோ, கோடையில் வெள்ளாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, ஒரு குடம் நிறையும்வரை காத்திருந்த நாள்களைச் சொல்லலானார். “காத்திருக்கையிலேதான் சாமி, யார் நல்லவர் என்று தெரியும்” என்றார். நாம் வெறும் பஞ்சத்தின் கதையாகப் படித்த நூல், அதன்பின் அண்டை வீட்டாரின் கதையாகத் தெரிந்தது.

அடுத்து வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’. 1977-இல் வெளிவந்த இந்நூல், நெல்லைக் கடற்கரையில் வாழும் கத்தோலிக்க மீனவர் வாழ்வைக் கூறுவது. வல்லத்தை உயிராக நேசிக்கும் குரூஸ் மிக்கேலை, அதனையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி ஆசிரியனாகிய மகன் செபஸ்தி வற்புறுத்துகிறான். மகள் பிலோமி இருவருக்கும் நடுவே நிற்கிறாள். கடலையே காணாத நம் ஊரார் இதில் என்ன காண்பர் என ஐயுற்றோம். ஆனால் அன்று பேச்சு இரவு ஒன்பது மணியைத் தாண்டியது. காணி நிலத்தை விற்றுத் திருப்பூருக்கோ சென்னைக்கோ வந்துவிடுமாறு மக்கள் அழைக்கும் பெற்றோர் நால்வர் அங்கிருந்தனர். அவ்வாறு தந்தையை அழைத்துக்கொண்டிருக்கும் மகன் ஒருவரும் இருந்தார். தம் வீட்டில் பேச முடியாததைச் செபஸ்தியின் பெயரால் அவர்கள் பேசிக்கொண்டனர். ஒருவர் மனமும் புண்படவில்லை. கதைமாந்தரைக் குறைகூற யாருக்கும் தடையில்லை அன்றோ!

இங்கேதான் குறுநாவலின் பெரும் பயன் விளங்குகிறது. தாவீது அரசனிடம் நாத்தான் இறைவாக்கினர் நேராகக் குற்றம் சாட்டவில்லை. ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொன்னார். அரசன் சினந்து தீர்ப்புக் கூறிய பிறகே அச்செல்வன் யார் என்பதை வெளிப்படுத்தினார். கதை முதலில் நம்மை நீதிபதியின் இருக்கையில் அமர்த்துகிறது. பின்னர் மெல்லக் கூண்டுக்கு அழைத்துச் செல்கிறது.

ஜோசப்பின் கண்ணீர்

அவ்வாறு கூண்டேறிய அனுபவம் நமக்கே வாய்த்தது. அதனை மறைத்துவிட்டு இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

மூன்றாவதாக, கடலூரில் பிறந்த ஜெயகாந்தனின் ‘யாருக்காக அழுதான்?’ நூலை எடுத்தோம். 1966-இல் ஜெயகாந்தனே இதனைத் திரைப்படமாக இயக்க, நாகேஷ் ஜோசப்பாக நடித்தார். விடுதியொன்றில் ஏவல் செய்யும் ஏழை ஜோசப்மீது திருட்டுப் பழி விழுகிறது. அடிக்கிறார்கள், அவன் எதிர்த்துப் பேசுவதில்லை. அவன் நிரபராதி என்பது பின்னரே தெரியவருகிறது.

அவன் யாருக்காக அழுதான் என்பதே அன்றைய கேள்வி. தன்னை அடித்தவர்களுக்காக என்றார் ஆசிரியர். தன்னை நம்ப ஒருவராவது இருந்ததற்காக என்றார் தையற்காரப் பெண்மணி. சூளை பார்க்கும் இளைஞர் நெடுநேரம் பேசாதிருந்து, “வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பொருள் காணாமற் போனபோது என் பையைத்தான் முதலில் சோதித்தார்கள். பொருள் கிடைத்தது. ஆனால் பையைச் சோதித்ததற்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குத்தான் அழுதிருப்பான்” என்றார்.

நமக்கு நெஞ்சில் ஏதோ இடறியது. பல்லாண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் பணியாற்றியபோது, திருவிழாக் காணிக்கையில் ஒரு தொகை காணவில்லை. இல்லத்தில் உதவிக்கிருந்த இளைஞன்மீது நமக்கு ஐயம். அடிக்கவில்லை; திட்டவுமில்லை. “நாளைமுதல் வரவேண்டாம்” என்று மட்டும் சொன்னோம். அவனும் ஏனென்று கேளாமல் போனான். மூன்று மாதங்கள் கழித்து, ஞானஸ்நானப் பதிவேட்டின் நடுவே நாமே வைத்த உறையில் அத்தொகை அப்படியே இருந்தது. அவன் அதற்குள் ஊரைவிட்டே போயிருந்தான். பணத்தைக் கணக்கில் சேர்த்தோம். அவனைத் தேடவில்லை.

இதனை அன்றுதான் முதன்முறையாகப் பிறர்முன் சொன்னோம். திண்ணையில் அமைதி நிலவியது. மூதாட்டி மட்டும், “அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறான், சாமி?” என்றார். நம்மிடம் விடையில்லை. அவர் கேட்டதில் கண்டிப்பு ஏதுமில்லை. ஆனால் அக்கேள்வி தடியடியாகவே விழுந்தது. இந்நூலை நாம் முன்பு இருமுறை தனியே படித்திருக்கிறோம். இருமுறையும் ஜோசப்பை அடித்தவர்களை எண்ணினோம், நம்மை எண்ணவில்லை.

விசாரித்துத் தேடிச் செல்ல இரண்டு மாதங்கள் ஆயின. ஒரு நகரில் தேநீர்க்கடை வைத்திருந்தான், தலை நரைத்துவிட்டது. நம்மை உடனே அடையாளம் கண்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தேநீர் தந்தான். நாம் சொல்ல வந்ததைச் சொன்னோம். “அதெல்லாம் மறந்துவிட்டது, சாமி” என்றான். சற்றுப் பொறுத்து, “அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள்” என்று மட்டும் சேர்த்தான். ஊரில் அவன் தாயைத் ‘திருடன் அம்மா’ என்று சிலர் அழைத்ததையும், அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆனதையும் அப்போதுதான் அறிந்தோம். தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டான். அவன் பழைய ஊருக்குச் சென்று, ஞாயிறு திருப்பலியின் முடிவில் நடந்ததை மக்களிடம் கூறினோம். அது அவன் தாயின் காதை எட்டாது என்பதையும் அறிவோம்.

உங்கள் வீட்டிலும்

நூல் படிப்பது பொழுதுபோக்கே, அதில் தவறில்லை. எங்கள் கூட்டத்திலும் சிரிப்பே மிகுதி, சுண்டலும் உண்டு. ஆயினும் கூடிப் படிக்கும் இன்பம், தனித்துப் படிக்கும் இன்பத்தினும் சற்று ஆழமானது. அவ்வின்பத்தை நம் குடும்பங்கள் எளிதில் பெறலாம்.

எட்டுப் பேர் முதல் பதினைந்து பேர் வரை போதும். மாதம் ஒரு நூல். நூற்றைம்பது பக்கங்களுக்கு மேல் வேண்டாம். விலைக்கு வாங்க இயலாதோர் நூலகத்தை நாடலாம். சென்னை மாகாணத்தில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் பிறந்ததன் பயனை நாம் துய்க்க வேண்டும் அன்றோ! படிக்கத் தெரியாதவருக்கு இளையோர் படித்துக் காட்டட்டும்; இருவருக்கும் நன்மை. மிகுதியாகப் படித்தவர் கடைசியில் பேசட்டும். குருவானவர் இருந்தால் அவருக்கும் பின்னால். ‘கதை பிடித்ததா?’ என்று தொடங்காமல், ‘யாரை உங்களுக்குப் பிடிக்கவில்லை, ஏன்?’ என்று தொடங்கினால் பேச்சு தானே வளரும். ஒருவர் தம் வாழ்வைச் சொன்னால், அது திண்ணையைவிட்டு வெளியே போகக் கூடாது. நாம் இங்கு எழுதியது நம் கதையை மட்டுமே. பிறர் சொன்னவற்றை அவர்கள் இசைவுடனேயே குறித்துள்ளோம்.

வரும் மாதம் டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’ படிக்கவிருக்கிறோம். 1886-இல் வெளிவந்த இந்த உருசியக் குறுநாவலில், பெரிய அதிகாரி ஒருவர் நோயுற்றுக் கிடக்கிறார். வீட்டார் உண்மையை மறைத்துப் பேசுகையில், கெராசிம் என்னும் வேலைக்காரன் ஒருவனே பொய்யின்றி அவருக்குத் துணையாகிறான். வீட்டில் நோயாளியை வைத்துப் பராமரிக்கும் மூவர் நம் கூட்டத்தில் உள்ளனர். அவர்கள் என்ன சொல்வர் என்று அறிய ஆவலாயிருக்கிறோம்.

மூதாட்டிக்குப் பேத்தி இப்போதே படித்துக் காட்டத் தொடங்கிவிட்டாளாம். நாமும் இன்றிரவு தொடங்க வேண்டும்.