முன்னால் மெதுவான விமானம், பின்னால் நீங்கள்!

சென்ற ஆண்டு அம்மாவை முதன்முறையாக விமானத்தில் அழைத்துச் சென்றேன். தரையைத் தொடப்போன விமானம் திடீரென்று மறுபடி மேலே ஏறியது. முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு இன்னும் விலகவில்லை என்று பைலட் அறிவித்தார். ஆரணி வந்து சேர்ந்ததும் அம்மா, "இனிமே எனக்கு பஸ்ஸே போதும்ப்பா" என்று சொல்லிவிட்டார்.

அம்மாவின் பயத்தைப் போக்க கம்ப்யூட்டரைத் துணைக்கு அழைத்தேன். 2006-ல் வெளிவந்த மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் எக்ஸ் என்னிடம் இருக்கிறது. போயிங் 737-800 விமானத்தைத் தேர்வு செய்தேன். செட்டிங்ஸில் டிராஃபிக் பகுதிக்குச் சென்று விமான நெரிசலைக் கூட்டினேன். சென்னையை நோக்கிப் பறந்தேன். எனக்கு முன்னால் ஒரு சிறிய புரொப்பல்லர் விமானம். மூன்று முறை இறங்க முயன்றேன். மூன்று முறையும் 'கோ அரவுண்ட்' என்றுதான் உத்தரவு வந்தது!

ஏன்? பேப்பரில் கணக்குப் போட்டேன். இறங்கும்போது என் ஜெட்டின் வேகம் சுமார் 140 நாட். ஏடிஆர் 72 போன்ற புரொப்பல்லர் விமானம் சுமார் 110 நாட்டில் இறங்கும். வித்தியாசம் 30 நாட். அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு நாட்டிகல் மைல் வீதம் இடைவெளி சுருங்கும். ஓடுபாதைக்கு 10 மைல் தொலைவில் நான் இருக்கும்போது, அது எனக்கு 3 மைல் முன்னால் பறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது தரையைத் தொடும் நேரத்தில் நான் ஓடுபாதைக்கு ஒரு மைல் தூரத்தில் வந்து நிற்பேன். அது ஓடுபாதையை விட்டு விலக அரை நிமிடம்கூடக் கிடைக்காது.

ஆற்காடு சாலையில் டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய பஸ் பிரேக் போடலாம். விமானத்தை ஆகாயத்தில் நிறுத்த முடியாது. சென்னையின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால், அடுத்ததில் இறங்கு என்று சுலபமாக அனுப்பிவிடவும் முடியாது. எனவேதான் கன்ட்ரோலர்கள் வேகமான விமானத்தைத் தொலைவிலேயே வேகம் குறைக்கச் சொல்கிறார்கள். மெதுவான விமானத்துக்குப் பின்னால் கூடுதல் இடைவெளி விடுகிறார்கள்.

நான்காம் முறை 20 மைலுக்கு முன்பே எஃப்2 கீயால் இன்ஜின் சக்தியைக் குறைத்தேன். எஃப்7 கீயை அழுத்தி ஃபிளாப்ஸைப் படிப்படியாக இறக்கினேன். வேகம் 180 நாட்டுக்கு வந்தது, பிறகு 160. இம்முறை ஓடுபாதை காலியாக இருந்தது. இறங்கிவிட்டேன்!

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அம்மா கேட்டார்: "அப்போ அன்னைக்கு மேலே ஏறினது நம்ம நல்லதுக்குத்தானா?"

ஆமாம். இடம் இல்லாதபோது இறங்காமல் மேலே ஏறுவது விபத்து அல்ல, விபத்தைத் தவிர்க்கும் வழி. நீங்களும் சிமுலேட்டரில் முயன்று பாருங்கள். அடுத்த முறை உங்கள் விமானம் மேலே ஏறினால் பயம் வராது.